ஸ்டூடியோ மூடும் நாளுக்கு முன் படியெடுக்க வேண்டியவை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் கணினி விளையாட்டு ஸ்டூடியோ ஒன்று ஆட்குறைப்புச் செய்தாலோ மூடினாலோ, எத்தனை பேருக்கு வேலை போனது, இழப்பீடு எவ்வளவு, தாய் நிறுவனம் என்ன சொன்னது என்ற விவரங்கள் செய்தியில் வந்துவிடுகின்றன. அவை வரத்தான் வேண்டும். அந்த ஸ்டூடியோவின் சர்வரில் இருக்கும் மூலநிரலும் ஓவியக் கோப்புகளும் பிழைப் பட்டியலும் என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. நாளைக்கு அந்த ஸ்டூடியோவின் வரலாற்றை எழுத உட்காருபவருக்குத் தேவையானதில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அலுவலகத்தைக் காலி செய்யும் வாரத்தில் அதையும் துடைத்துக் கொடுத்துவிடுகிறோம். இந்தத் துறையில் வேலை செய்யும் தமிழர்கள் சிலர் சேர்ந்து இக்கடிதத்தை எழுதுகிறோம். அந்த வாரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை விளக்கமாகவே சொல்லிவிடுகிறோம்.

அமெரிக்காவின் லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ் கதையை முதலில் பார்ப்போம். 1990இல் பால் நியூராத் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் புளூ ஸ்கை புரொடக்‌ஷன்ஸ் என்ற பெயரில் அதைத் தொடங்கினார். 1992இல் நெட் லெர்னரின் நிறுவனத்தோடு அது இணைந்தது. அதே ஆண்டில் அல்டிமா அண்டர்வேர்ல்டு, 1994இல் சிஸ்டம் ஷாக், 1998இல் தீஃப், 1999இல் இர்ரேஷனல் கேம்ஸோடு சேர்ந்து சிஸ்டம் ஷாக் 2 ஆகியவை வெளிவந்தன. தீஃபில் கம்பளத்தின்மீது நடந்தால் காவலனுக்குக் கேட்காது, ஓட்டுத் தரையில் நடந்தால் கேட்கும். விளக்கை அணைத்தால் ஆட்டக்காரர் மறைந்து நிற்கலாம். இன்று மறைந்து ஆடும் விளையாட்டுகள் பலவற்றுக்கும் வேர் அங்கே இருக்கிறது. இத்தனை செய்த ஸ்டூடியோ 2000 மே 24 அன்று மூடப்பட்டது. அதன் விமானம் ஓட்டும் விளையாட்டான ஃபிளைட் அன்லிமிடெட் 3 போதுமான அளவு விற்கவில்லை. பணம் தந்துவந்த பதிப்பாளர் ஐடாஸும் நெருக்கடியில் இருந்தார்.

மூடிய பிறகு நடந்தவற்றில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. சிஸ்டம் ஷாக்கின் பதிப்புரிமை ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்களுக்கு விளையாட்டுத் தொழிலோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே சிஸ்டம் ஷாக் 2 பத்தாண்டுக்கு மேலாகச் சட்டப்படி விற்பனையில் இல்லாமலே கிடந்தது. 2012இல் ஸ்டீஃபன் கிக் அந்தக் காப்புறுதி நிறுவனத்தைத் தேடிப் பிடித்துப் பேசி, நைட்டைவ் ஸ்டூடியோஸைத் தொடங்கினார். 2013 பிப்ரவரியில் அந்த விளையாட்டு மறுபடியும் விற்பனைக்கு வந்தது. மூலநிரலின் கதை இன்னும் விந்தையானது. தீஃப், சிஸ்டம் ஷாக் 2 இரண்டையும் இயக்கிய டார்க் எஞ்சினின் நிரல், 2010இல் ஒருவர் வாங்கிய பழைய ட்ரீம்காஸ்ட் (சேகாவின் விளையாட்டுக் கருவி) உருவாக்கக் கருவியோடு வந்த வட்டுகளில் கிடந்தது. இரண்டு ஆண்டு கழித்து, தம் பெயரைச் சொல்லாத ஒருவர் அந்த விளையாட்டுகளைப் புதிய கணினிகளில் ஓடவைக்கும் திருத்தக் கோப்புகளை வெளியிட்டார். இன்று அவற்றை ஆடுபவர்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்த பதிப்பைத்தான் ஆடுகிறார்கள். அந்தப் பழைய கருவி குப்பைக்குப் போயிருந்தால்? காப்புறுதி நிறுவனத்தில் கிக்குக்கு யாரும் பதில் சொல்லாமல் விட்டிருந்தால்?

நல்ல நிலையில் நடக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் இதே கதிதான் நேர்ந்திருக்கிறது. கிங்டம் ஹார்ட்ஸ் முதல் பாகத்தை 2013இல் உயர்தெளிவில் வெளியிடப் புறப்பட்ட ஸ்கொயர் எனிக்ஸ், மூலக் கோப்புகள் தொலைந்துபோனதால் விற்பனையான பதிப்பிலிருந்தே பலவற்றைப் பெயர்த்தெடுத்து மீண்டும் செய்ய வேண்டிவந்தது. 2012இல் வந்த சைலண்ட் ஹில் உயர்தெளிவுத் தொகுப்பில் பழைய பதிப்பில் இல்லாத பிழைகள் மலிந்திருந்தன. அதைச் செய்தவர்களுக்குக் கிடைத்தது முழுமை பெறாத நிரல் என்பதே காரணம். அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டில் வெளிவந்த பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்கிறது.

நம் ஊருக்கு வருவோம். பிரெஞ்சு விளையாட்டு நிறுவனமான யூபிசாஃப்டின் சிங்கப்பூர் ஸ்டூடியோ 2008இல் தொடங்கியது. இங்கே உருவான கோஸ்ட் ரீகான் ஆன்லைன், பின்னர் கோஸ்ட் ரீகான் ஃபேண்டம்ஸ் என்று பெயர் மாறி, 2016 டிசம்பர் 1 அன்று சர்வர் நிறுத்தப்பட்டதோடு முடிந்துபோனது. இணையத்தில் மட்டுமே இயங்கிய விளையாட்டு என்பதால் ஆட்டக்காரரின் கணினியில் மிஞ்சிய கோப்புகளால் எந்தப் பயனும் இல்லை. அதே ஸ்டூடியோவின் ஸ்கல் அண்ட் போன்ஸ் 2017இல் அறிவிக்கப்பட்டு, பலமுறை தள்ளிப்போய், 2024 பிப்ரவரி 16 அன்று வெளிவந்தது. அசாசின்ஸ் கிரீட் தொடருக்கு இங்கு செய்த கடற்போர் வேலையிலிருந்து முளைத்த விளையாட்டு அது. இடையில் அதன் வடிவம் திரும்பத் திரும்ப மாறியது. கடைசியில் விற்பனைக்கு வந்த பதிப்பு எல்லோரிடமும் இருக்கும். இடையில் கைவிடப்பட்ட வடிவங்களைப் பார்த்தால்தான் ஒரு வரலாற்றாசிரியருக்கு ஏழு ஆண்டில் என்ன நடந்தது என்பது புரியும். லூகாஸ்ஆர்ட்ஸ் சிங்கப்பூர் 2008இல் நின்டெண்டோ டிஎஸ் கருவிக்கு ஜெடாய் அலையன்ஸ் என்ற விளையாட்டைச் செய்தது. 2013இல் தாய் நிறுவனமான டிஸ்னி லூகாஸ்ஆர்ட்ஸின் உருவாக்கப் பிரிவை மூடியது. பத்து ஆண்டு கழித்து, திரைப்பட வரைகலை வேலை செய்துவந்த இங்குள்ள லூகாஸ்ஃபிலிம் கிளையையும் மூடுவதாக அறிவித்தது. சிங்கப்பூர்–எம்ஐடி கேம்பிட் ஆய்வுக்கூடத்தில் உருவாகி 2008இல் வெளிவந்த கார்னிவேல்: ஷோடைம், எக்ஸ்பாக்ஸ் கருவியில் தனி உருவாக்குநர்களின் விளையாட்டுகளை விற்ற இண்டி கடையில் விற்றது. அந்தக் கடை 2017இல் மூடிவிட்டது.

மூடும்போது கிடைக்கும் கால அவகாசம் சிறியது. ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால், வேலைநியமனச் சட்டப்படி 2 முதல் 5 ஆண்டு வரை பணியாற்றியவருக்கு முன்னறிவிப்பு 2 வாரம்; 5 ஆண்டு தாண்டியவருக்கு 4 வாரம். உள்நுழைவு அனுமதி பலருக்கு அறிவிப்பு வந்த அன்றே ரத்தாகிவிடும். எனவே படியெடுப்பது நிர்வாகம் அனுமதி தந்து, ஒருவரைப் பொறுப்பாக வைத்துச் செய்ய வேண்டிய வேலை. ஊழியர்கள் தனியாக யூஎஸ்பியில் எடுத்துப்போவது ஒப்பந்த மீறல். அதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை.

மூலநிரலில் தொடங்க வேண்டும். கோப்புகளின் எல்லா மாற்றங்களையும் பதிந்துவைக்கும் பெர்ஃபோர்ஸ் என்ற மென்பொருளை வைத்திருக்கும் ஸ்டூடியோக்களில் பெரும்பாலும் நடக்கும் தவறு, ஒருவருடைய கணினியில் உள்ள வேலைக் கோப்புறையை அப்படியே நகலெடுத்து 'எல்லாம் எடுத்தாகிவிட்டது' என்று எண்ணுவது. அதில் கடைசி நாளின் நிலை மட்டுமே இருக்கும். யார், எந்தத் தேதியில், எதை, ஏன் மாற்றினார் என்ற குறிப்புகள் ஒன்றும் இராது. வரலாறு என்பதே அந்தக் குறிப்புகள்தான். பெர்ஃபோர்ஸ் சர்வரில் இரண்டு பாகங்கள் உண்டு: மாற்றக் குறிப்புகள் அடங்கிய தரவுத்தளம், கோப்புகளின் எல்லாப் பதிப்புகளும் அடங்கிய களஞ்சியம். இரண்டும் வேண்டும். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது தரவுத்தளக் கோப்புகளை நேரடியாக நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் மாட்டிக்கொள்ளும், மீட்கும்போது திறக்காது. முதலில் செக்பாயிண்ட் (தரவுத்தளத்தின் முழுமையான நகல்) எடுத்து, அதன்பின் களஞ்சியத்தை நகலெடுத்து, வெரிஃபை கட்டளையால் ஒவ்வொரு கோப்பையும் சரிபார்க்க வேண்டும். வெரிஃபை சில ஸ்டூடியோக்களில் ஓர் இரவு முழுக்க ஓடும். அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

இதே வேலைக்குக் கிட் என்ற மென்பொருளைப் பயன்படுத்துவோருக்குப் பொறி வேறிடத்தில் இருக்கிறது. ரெப்போவை (கிட்டின் களஞ்சியத்தை) மிரர் செய்தால், அதாவது முழுதாக நகலெடுத்தால், நிரல் முழுவதும் வந்துவிடும். பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் எல்எஃப்எஸ்ஸில் வைத்த ஓவியங்களும் ஒலிகளும் வரமாட்டா. நகலில் உள்ள ஓவியக் கோப்பைத் திறந்தால் அதில் மூன்று வரி எழுத்து மட்டுமே இருக்கும்: வடிவமைப்பின் பதிப்பு, அடையாள எண், அளவு. உண்மையான படம் சர்வரிலேயே தங்கிவிட்டது. கணக்கு மூடிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. எல்எஃப்எஸ் ஃபெட்ச் கட்டளையை 'ஆல்' தெரிவோடு ஓட்டினால்தான் எல்லாக் கிளைகளின் எல்லாப் பதிப்புகளும் இறங்கும். சப்மாட்யூலாக, அதாவது ஒன்றுக்குள் இன்னொன்றாக, இணைத்த ரெப்போக்களைத் தனித்தனியே மிரர் செய்ய வேண்டும்.

யூனிட்டி என்ற விளையாட்டு எஞ்சினில் செய்த விளையாட்டுக்கு அசெட்ஸ், பேக்கேஜஸ், புராஜெக்ட் செட்டிங்ஸ் ஆகிய மூன்று கோப்புறைகள் போதும். லைப்ரரி கோப்புறை தானாகவே மறுபடி உருவாகும். ஆனால் அதற்குள் இருக்கும் பேக்கேஜ் கேஷை (இறக்கிய துணைத் தொகுப்புகளின் நகலை) மட்டும் எடுத்து வையுங்கள். நிறுவனத்தின் சொந்த சர்வரிலிருந்து வந்த பேக்கேஜ்கள் பிற்பாடு எங்கும் கிடைக்காது. ஒவ்வொரு கோப்போடும் ஒட்டியிருக்கும் மெட்டா கோப்பு மிக முக்கியம். எந்தக் காட்சியில் எந்தப் படம், எந்த நிரல் என்பதை யூனிட்டி அந்த மெட்டாவில் உள்ள அடையாள எண்ணால்தான் அறிகிறது. 'சிறிய கோப்புதானே' என்று அவற்றை விட்டுவிட்டால், திறக்கும்போது காட்சியெங்கும் 'விடுபட்டது' என்ற எச்சரிக்கைதான் வரும். அன்ரியல் என்ற எஞ்சினைப் பயன்படுத்தி அதையே திருத்தியிருந்தால் அந்தத் திருத்திய எஞ்சினும் சேர்ந்து வர வேண்டும். இன்டர்மீடியட், டிரைவ்டு டேட்டா கேஷ் கோப்புறைகளை விட்டுவிடலாம், இடம் மிச்சம்.

ஒலியில் இழப்பு சத்தமில்லாமல் நடக்கும். வைஸ், எஃப்மாட் ஆகிய ஒலி மென்பொருள்களிலிருந்து விளையாட்டுக்குள் போகும் பேங்க் கோப்புகள் இறுதி வடிவுக்குச் சுருக்கிக் கட்டியவை. மூலப் பொருளை அவற்றிலிருந்து முழுமையாக மீட்க முடியாது. வைஸ், எஃப்மாட் புராஜெக்டையே எடுத்து வைக்க வேண்டும். இசையமைப்பாளரின் கோப்பு ஐந்து ஆண்டு கழித்து அதே பிளக்-இன் (துணை மென்பொருள்) இல்லாமல் திறக்காது. ஆகவே ஒவ்வொரு இசைக்கருவித் தடத்தையும் தனித்தனியாக 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாகவும் எடுத்துவிடுங்கள். முப்பரிமாண உருவங்களை மாயா அல்லது பிளெண்டர் கோப்போடு பல மென்பொருள்களும் படிக்கும் எஃப்பிஎக்ஸ் வடிவிலும் வையுங்கள்.

இத்தனையும் எடுத்த பிறகு ஒரு சோதனை உண்டு. அதைத் தவிர்த்தால் மேலே சொன்ன உழைப்பெல்லாம் நம்பிக்கையில் நிற்கும். ஒன்றுமே நிறுவாத ஒரு கணினியை எடுத்து, அலுவலக வலையமைப்பிலிருந்து துண்டித்து, நீங்கள் எடுத்த நகலை மட்டும் வைத்துக்கொண்டு விளையாட்டை பில்ட் செய்து (நிரலையும் கோப்புகளையும் சேர்த்து ஆடக்கூடிய வடிவாக்கி) பாருங்கள். முதல் முறை வெற்றி பெறாது. பில்ட் கணினியில் யாரோ என்றோ கைப்பட நிறுவிய ஒரு கருவி, எங்கோ ஒரு பகிர்வு டிரைவின் முகவரி, உரிமம் கேட்டு வெளியே பேச முயலும் ஒரு மிடில்வேர் (வெளியாரிடம் வாங்கிச் சேர்த்த மென்பொருள்) என்று ஒவ்வொன்றாக வெளிப்படும். ஒவ்வொன்றையும் ஒரு கோப்பில் எழுதி, நகலில் சேர்த்து, மறுபடி ஓட்டுங்கள். எழுதப்படாத அறிவு எல்லாம் இந்தச் சோதனையில்தான் எழுத்துக்கு வருகிறது. முடிந்தால் பில்ட் கணினியின் டிரைவ் முழுவதையும் ஒரே கோப்பாக, ஒரு இமேஜாக, எடுத்துவிடுங்கள். சோனி, நின்டெண்டோ, மைக்ரோசாஃப்ட் தரும் உருவாக்கக் கருவித் தொகுப்புகள் இரகசிய ஒப்பந்தத்துக்கு உட்பட்டவை. அவற்றை வெளியாருக்குத் தரக்கூடாது. அவற்றின் பதிப்பு எண்களை மட்டும் குறித்து வைத்தால் போதும். இமேஜைக் கொடுப்பதற்கு முன் அவற்றை நீக்க மறக்காதீர்கள்.

இணைய விளையாட்டாக இருந்தால் சர்வர் நிரலும் தரவுத்தளத்தின் அமைப்பும் வேண்டும். ஆட்டக்காரர்களின் பெயர், மின்னஞ்சல், பணம் கட்டிய விவரங்களை நீக்கியே வைக்க வேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தையும் மனத்தில் கொள்ள வேண்டும். வெற்று அட்டவணையில் கற்பனைக் கணக்குகள் நாலைந்தை நிரப்பி, சர்வர் எழுகிறதா என்று பாருங்கள்.

பிழைப் பட்டியலும் உரையாடல்களும் அடுத்தது. பிழைகளைப் பதியும் ஜிரா மென்பொருளிலிருந்து சிஎஸ்வி (அட்டவணைக் கோப்பு) எடுத்தால் இணைப்புப் படங்களின் முகவரி மட்டும் வரும், படம் வராது. முழு பேக்கப் எடுக்க வேண்டும். அலுவலக உரையாடல் செயலியான ஸ்லாக்கின் ஏற்றுமதியும் அப்படித்தான்: செய்திகள் வரும், கோப்புகளுக்குப் பதில் இணைப்புகள் வரும். இலவசக் கணக்கு வைத்திருக்கும் சிறு ஸ்டூடியோக்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 90 நாளுக்கு முந்தையவை மறைந்துவிடுகின்றன. ஓராண்டு தாண்டியவற்றை ஸ்லாக் அழித்தும்விடுகிறது.

இனி, தமிழ் வாசகர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று: பெயர்ப்பட்டியல். விளையாட்டின் முடிவில் ஓடும் பெயர்கள்தான் இணையத் தரவுத்தளங்களுக்குப் போகின்றன. பின்னாளில் ஒருவர் என்னென்ன செய்தார் என்று தேடுபவர் அங்குதான் தேடுவார். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்த படிவத்தில் நம் பெயர்கள் சிதைகின்றன. அடையாள அட்டையில் 'முருகன் சன் ஆஃப் கந்தசாமி' என்றிருப்பவர் ஒரு விளையாட்டில் முருகன் கந்தசாமி, அடுத்ததில் கே. முருகன், இன்னொன்றில் வெறும் கந்தசாமி என்று மூன்று ஆளாகிவிடுகிறார். மூன்றாவதில் இருப்பது அவருடைய அப்பாவின் பெயர். அப்பா அந்த விளையாட்டைச் செய்யவில்லை. மகள் என்றால் திருமணத்துக்குப்பின் நான்காவது வடிவமும் சேரும். இதைத் திருத்துவது எளிது. பட்டியல் தயாரிக்கும்போது மனிதவளப் பிரிவின் பட்டியலை ஒட்டாமல், ஒவ்வொருவரிடமும் 'உங்கள் பெயர் எப்படி வர வேண்டும்?' என்று எழுத்தில் கேட்டு, அதே வடிவத்தை எல்லா விளையாட்டிலும் பயன்படுத்த வேண்டும். வெளியீட்டுக்கு முன்பே விலகியவர்கள், ஒப்பந்த ஊழியர்கள், பிழை தேடும் சோதனையாளர்கள் ஆகியோரின் பெயர்கள்தான் அதிகம் விடுபடுகின்றன. மாற்றக் குறிப்புகளில் உள்ள பயனர் பெயர்களை எடுத்து, யார் யார் என்று ஒரு பட்டியல் தயாரித்துச் சேர்த்துவிட்டால் விடுபட்டவர்களை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஆட்கள் இன்னும் அலுவலகத்தில் இருக்கும்போது அது ஒரு மத்தியான வேலை. பத்து ஆண்டு கழித்து 'எஸ்கே02' என்பது யார் என்று எவருக்கும் தெரியாது.

சேமிப்பைப் பற்றிச் சுருக்கமாக. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 எண் (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) எடுத்துப் பட்டியலிட்டு, நகலெடுத்த பின்னும் ஆண்டுக்கு ஒருமுறையும் ஒப்பிடுங்கள். எழுதக்கூடிய சிடி, டிவிடியை நம்ப வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில் சாயப்படலமும் உலோகப்படலமும் கெடுகின்றன. எஸ்எஸ்டியை மின்சாரம் இல்லாமல் அலமாரியில் வைத்தால் மின்னூட்டம் கசிந்து தரவு போகலாம். வன்தட்டை ஈரம் நீக்கும் அலமாரியில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்து, ஐந்து ஆண்டுக்குள் மாற்றுங்கள். தரவைச் சேமிக்கும் எல்டிஓ காந்த நாடா நீண்ட காலம் தாங்கும். ஆனால் எல்டிஓ-8 கருவி எல்டிஓ-7 வரைதான் படிக்கும், எல்டிஓ-6 நாடாவை ஏற்காது. நாடாவோடு கருவியையும் பற்றி யோசித்தே வாங்க வேண்டும்.

இவற்றை யாரிடம் ஒப்படைப்பது? அச்சு நூலுக்கு நமக்கு வழி இருக்கிறது: வெளியான 4 வாரத்துக்குள் 2 படிகள் தேசிய நூலக வாரியத்துக்குப் போக வேண்டும். 2019 முதல் மின்பதிப்புகளையும் சிங்கப்பூர் இணையத்தளங்களையும் வாரியம் சேகரிக்கிறது. திரைப்படத்துக்கு 2005இல் தொடங்கிய ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. 2014 முதல் அது நூலக வாரியத்தின் கீழ் இயங்குகிறது. விளையாட்டின் மூலக் கோப்புகளுக்கும் அதுபோன்ற ஓரிடம் வேண்டும் என்று கேட்கிறோம். ஊழியர் வேலையில் செய்ததன் பதிப்புரிமை முதலாளிக்குச் சொந்தம் என்பதால் நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் எதுவும் நடக்காது. நிறுவனங்கள் தயங்குவது இயல்புதான். 15 அல்லது 20 ஆண்டு மூடி வைத்து, அதுவரை நூலகரும் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு பெற்றுக்கொண்டால் தயக்கம் குறையும். அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: நிறுவனம் கலைந்தாலும் கைமாறினாலும், காலக்கெடு முடிந்ததும் ஆய்வுக்குத் திறக்கும் அனுமதி செல்லும் என்று. அந்த வரி இல்லாமல் வாங்கினால் லுக்கிங் கிளாஸ் போல, உரிமை யாரிடம் போனது என்று தேடியே ஆண்டுகள் கழியும்.

தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் உள்ளூர் ஸ்டூடியோக்களுக்கு ஆதரவு தருகிறது. அந்த ஆதரவில் உருவாகும் ஒவ்வொரு விளையாட்டுக்கும், துண்டித்த கணினியில் பில்ட் ஆகும் ஒரு நகலை ஒப்படைப்பதைக் கடைசித் தவணைக்கான நிபந்தனையாக வைக்கலாம். பல்கலைக்கழகங்களும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் இன்னும் விரைவாகத் தொடங்க முடியும். 2000களில் மாணவர்கள் ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளில் செய்த விளையாட்டுகளின் வெளியீட்டுக் கோப்புகள் ரஃபிள் போன்ற மென்பொருளில் இன்றும் ஓரளவு ஓடுகின்றன. அவற்றின் மூலமான எஃப்எல்ஏ கோப்புகள் பழைய விரிவுரையாளர்களின் வன்தட்டுகளில் இருக்கக்கூடும். முதலில் அங்கே கேளுங்கள்.

இப்படிக்கு,
விளையாட்டு உருவாக்கத் துறையில் பணிபுரியும் தமிழ் வாசகர்கள்,
சிங்கப்பூர்